உடற்கல்வி: கட்டாயம் யார்மீது?

கல்வி என்றவுடன் புத்தகமும் கரும்பலகையும் தேர்வும் மதிப்பெண்ணுமே நம் நினைவுக்கு வருகின்றன. நம் முன்னோர் நூற்றாண்டுக்கும் மேலாகப் போராடிப் பெற்ற பள்ளிக்கூடத்தில் இவற்றோடு இன்னொன்றும் உண்டு. அது பள்ளிக் கட்டடத்தின் முன்னே இருக்க வேண்டிய திடல். அங்கே நிகழும் கல்வியே உடற்கல்வி. அரசுப் பள்ளிகளில் அக்கல்வி கட்டாயமாக இருத்தல் வேண்டுமா, அன்றி விரும்பிய பள்ளி விரும்பியபோது நடத்தினால் போதுமா என்னும் வினா நெடுநாளாகக் கேட்கப்பட்டு வருகிறது. மருத்துவர் இதனை உடல்நலம் கருதிப் பேசுவர். பெற்றோர் மதிப்பெண் கருதிப் பேசுவர். அரசினர் பதக்கம் கருதிப் பேசுவர். நாம் இதனை நம் மக்களின் வரலாறு கருதிப் பேச விழைகிறோம். நம் உடலைத்தான் தீண்டத்தகாதது என்றார்கள். அதே உடலைத்தான் பிறர் வயலில் உழைப்பதற்கு உரியது என்றும் சொன்னார்கள். அவ்வுடலுக்குப் பள்ளியில் என்ன இடம் என்பது நமக்குச் சிறிய வினா ஆகாது.

திடல் இல்லாத குடியிருப்பு

இன்றைய திருவள்ளூர் மாவட்டம் 1997-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாளில் தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன்னர் இதன் பெரும்பகுதி செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அம்மாவட்டத்தின் கலெக்டராக இருந்த திரெமென்கீர் என்பார் 1891-ஆம் ஆண்டில் பறையர் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அவ்வறிக்கையின் பயனாகவே 1892-ஆம் ஆண்டில், ஒடுக்கப்பட்ட மக்களுக்கென நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவது அந்நிலமே.

அவ்வறிக்கை எழுந்த காலத்தில் நம் முன்னோர்க்கு உழுவதற்கு நிலம் இல்லை என்பது மட்டுமன்று. குடியிருந்த மனையும் பல ஊர்களில் அவர்களுக்கு உறுதியாக இல்லை. மனையும் தமக்கே உரியது என்று மிராசுதார்கள் வாதிட்டனர். கூலி உயர்த்திக் கேட்டாலும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாலும், மனையை விட்டு வெளியேறச் சொல்லும் ஆயுதம் அவர்கள் கையில் இருந்தது. இத்தகைய நிலையில் சேரிக்கென்று ஒரு பொதுத்திடல் எங்கிருந்து வரும்? ஊருக்கு மந்தைவெளி இருந்தது, களத்துமேடு இருந்தது, கோயில் திடல் இருந்தது. சேரிப் பிள்ளைக்கு வாசலும் வரப்புமே திடல். அந்த வாசலிலும் நெடுநேரம் ஆட முடியாது. மாடு மேய்க்கவும் சாணம் அள்ளவும் பண்ணையில் எடுபிடி வேலை செய்யவும் அவன் ஆறு ஏழு வயதிலேயே அழைக்கப்பட்டான்.

பொது இடம் அனைவர்க்கும் பொதுவாதல் வேண்டும் என்னும் குரல் சென்னைச் சட்டமன்றத்தில் ஒலித்தது 1924-ஆம் ஆண்டில். செங்கற்பட்டு மாவட்டம் ஈன்ற பெருமகனாராகிய இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பொதுச் சாலைகளும் கிணறுகளும் பொதுக் கட்டடங்களும் தாழ்த்தப்பட்டோர் உள்ளிட்ட அனைவர்க்கும் உரியன என்னும் தீர்மானத்தைக் கொணர்ந்தார். அரசும் அதனை ஏற்று ஆணை பிறப்பித்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவும் 17-ஆம் பிரிவும் அந்த உரிமையை நாடு முழுமைக்கும் நிலைநாட்டின. பள்ளித் திடல் அரசுப் பணத்தால் பேணப்படும் பொது இடம். அங்கே யார் நிற்கிறார், யார் ஓடுகிறார், யார் ஓரத்தில் அமர்த்தப்படுகிறார் என்பது உரிமையைப் பற்றிய வினாவாகும்.

பள்ளி வந்தது, திடல் வரவில்லை

திருவள்ளூர்ப் பகுதியில் நம் மக்களிடையே கல்வி பரவிய வரலாற்றில் ஈக்காடு என்னும் ஊருக்குத் தனியிடம் உண்டு. வெஸ்லியன் சபையைச் சார்ந்த வில்லியம் கௌடி என்னும் பாதிரியார் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே தங்கிப் பணிபுரிந்தார். பறையர்களின் நிலவுரிமை குறித்தும் எழுதினார். 1893-ஆம் ஆண்டில் சென்னை அரசு பஞ்சமர் கல்விக்கென ஓர் ஆணை பிறப்பித்தது. பஞ்சமர் கல்வியின் உரிமைச் சாசனம் என்று அக்காலத்தில் அது போற்றப்பட்டது. 1894-ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட் அடையாற்றில் முதல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார்.

இவ்வாறு எழுந்த பள்ளிகள் பெரும்பாலும் ஓரறை, ஓர் ஆசிரியர், ஓர் ஓலைக்கூரை என்ற அளவினவே. எழுத்தும் எண்ணும் கற்பிப்பதே அரிதாயிருந்த இடத்தில் திடலைப் பற்றி யார் எண்ணுவார்? அதே காலத்தில் பட்டணத்து உயர்நிலைப் பள்ளிகளில் ட்ரில் மாஸ்டர்கள் இருந்தனர். கிரிக்கெட்டும் கால்பந்தும் ஆடப்பட்டன. கல்வியில் நமக்கும் பிறர்க்கும் இடையே இருந்த தொலைவு புத்தகத்தில் மட்டும் இல்லை, மைதானத்திலும் இருந்தது.

1920-ஆம் ஆண்டு நாம் ஊன்றி நோக்கத்தக்க ஆண்டு. அவ்வாண்டில் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுவே. ஆசியாவிலேயே இத்துறையில் முதலாவது எனப்படுவது. 1924-இல் பாரிசு ஒலிம்பிக்குச் சென்ற இந்திய அணியுடன் பக் சென்றார். அதே 1920-இல் சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டம் நிறைவேறியது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு அளிக்கும் ஏற்பாடு தொடங்கியதும், ஒடுக்கப்பட்டோர் நலம் தொழிலாளர் துறையின் பொறுப்பில் வந்ததும் அவ்வாண்டையொட்டியே. அத்துறை திறந்த பள்ளிகளே பின்னர் ஹரிசன நலப் பள்ளிகளாகி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாயின. அவ்வகைப் பள்ளிகள் தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை.

எழுத்து, உணவு, உடற்பயிற்சி ஆகிய மூன்றும் ஒரே காலத்தில் ஒரே மாநகரில் முளைத்தன. முதலிரண்டும் மெல்ல மெல்ல நம் குடியிருப்பை வந்தடைந்தன. மூன்றாவது வரும் வழியிலேயே நின்றுவிட்டது. காரணம் தெளிவு. 1920-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயக் கல்வியை உள்ளாட்சி மன்றங்களின் விருப்பத்திற்கு விட்டது. விரும்பிய மன்றம் நடைமுறைப்படுத்தலாம். விரும்பாத மன்றம் காலம் கடத்தலாம். பெரும்பாலானவை காலமே கடத்தின. பிறர் விருப்பத்திற்கு விடப்பட்ட எதுவும் சேரியின் வாயிலுக்குத் தானாக வந்ததில்லை என்பது நம் வரலாறு கற்பித்த முதற்பாடம்.

படை, தாலீம், பந்து

நம் மக்கள் உடற்பயிற்சிக்குப் புதியவர் அல்லர். 1780-இல் தோன்றிய மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படையில் பறையர் குலத்தினர் பெருந்தொகையினராய்ப் பணிபுரிந்தனர். அணிவகுப்பும் ட்ரில்லும் பாலம் அமைத்தலும் அவர்களுக்குக் கைவந்த கலைகள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘போர்க்குடிகள்’ என்றொரு கொள்கையை வகுத்த ஆங்கில அரசு, தென்னாட்டினரையும் தாழ்த்தப்பட்ட வகுப்பினரையும் படையில் சேர்ப்பதைக் குறைத்தது. மராட்டியத்து மகர்களுக்கும் அக்காலத்திலேயே கதவு அடைக்கப்பட்டது. உடல்வலிமை குன்றியதாலன்று அக்கதவு மூடப்பட்டது. பிறப்பைக் காட்டியே மூடப்பட்டது. மகர் ரெஜிமெண்ட் அமைவதற்கு 1941-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

உடற்பயிற்சிக் களமும் பள்ளிக்கூடமும் கைகோத்த வரலாறு ஒன்றும் மராட்டிய மண்ணில் உண்டு. மாங்கு வகுப்பில் பிறந்த லகுஜி சால்வே என்னும் வீரர் 19-ஆம் நூற்றாண்டில் புனே நகரில் ஒரு தாலீம், அதாவது உடற்பயிற்சிக் கூடம், நடத்தினார். சோதிராவ் பூலே அங்கே பயின்றவர். பூலேயும் சாவித்திரிபாயும் தாழ்த்தப்பட்டோர்க்கும் பெண்களுக்கும் பள்ளி தொடங்கியபோது, எதிர்ப்புக்கு அஞ்சாமல் துணைநின்றவர் லகுஜி. அவர் குடும்பத்துச் சிறுமியாகிய முக்தா அப்பள்ளியில் பயின்று, 1855-ஆம் ஆண்டில் தன் மக்களின் துயரைக் கட்டுரையாக எழுதினாள். தாலீமில் பெற்ற துணிவு பள்ளிக்கு வேலியாயிற்று என்று நாம் கொள்வது பிழையாகாது.

விளையாட்டிலும் சாதி எவ்வாறு நின்றது என்பதற்குப் பல்வங்கர் பாலூவின் வாழ்வே சான்று. சமார் வகுப்பில் பிறந்த அவர், புனேயில் ஆங்கிலேயர் கிரிக்கெட் சங்கத்தில் மைதானப் பணியாளராக இருந்து, ஆங்கிலேயர் பழகுவதற்காகப் பந்து வீசினார். பந்துவீச அனுமதித்தனர், மட்டை பிடிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. பின்னர் அவர் திறமையைக் கண்டு இந்துக்கள் அணி சேர்த்துக்கொண்டது. ஆயினும் இடைவேளையில் அவருக்குத் தேநீர் தந்தது பந்தலுக்கு வெளியே, மண்குவளையில். 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்திய அவருக்கு அணித்தலைமை மறுக்கப்பட்டது. அவருடைய தம்பி விட்டல் 1923-இல் அத்தலைமையைப் பெற்றார். ஒரு தலைமுறை ஆட்டமும் கிளர்ச்சியும் சேர்ந்தே அக்கதவைத் திறந்தன.

அண்ணல் அம்பேத்கர் சத்தாராவில் பள்ளிப் பிள்ளையாக இருந்தபோது கோணிச்சாக்கில் தனியே அமர்ந்தார். தாகம் எடுத்தால் குழாயைத் தாமே திறக்க இயலாது. பள்ளியின் பணியாள் திறந்துவிட்டால் நீர் உண்டு, அவர் இல்லாவிடின் நீர் இல்லை. ஓடியாடி வியர்த்த பிள்ளைக்கு முதற்தேவை தண்ணீர். அத்தண்ணீர் எக்குவளையில், யார் கையால் வரும் என்பதை எண்ணிப் பார்த்தே நம் பிள்ளைகள் பலர் விளையாடாமல் ஒதுங்கினர். ஆதலின் உடற்கல்வியையும் தண்ணீரையும் பிரித்துப் பேசுதல் நமக்கு இயலாது. அண்ணல் 1927-இல் சமதா சைனிக் தளம் என்னும் தொண்டர் படையை அமைத்து இளைஞரை ஒழுங்கிலும் அணிவகுப்பிலும் பயிற்றுவித்ததன் பொருளையும் இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். நிமிர்ந்து நிற்கப் பழகுதலும் விடுதலையின் ஒரு பகுதி என்று அவர் கண்டார்.

கடல் கடந்த ஒரு சான்றும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசு ராபன் தீவில் அடைத்துவைத்த அரசியல் கைதிகள், பந்தாடும் உரிமையைத் திரும்பத் திரும்ப மனுச்செய்து பெற்றனர். 1966-இல் மக்கானா கால்பந்துச் சங்கம் என்ற ஒன்றை அமைத்து, உலக விதிகளின்படியே ஆட்டங்களை நடத்தினர். கல்லுடைக்கும் கைதிக்கு உடலுழைப்பில் குறைவா இருந்தது? அவர்கள் வேண்டியது உழைப்பினின்றும் வேறான ஒன்றை.

உழைப்பு வேறு, பயிற்சி வேறு

இங்கே நம் பெற்றோர் எழுப்பும் ஒரு தடையை நாம் மதிப்புடன் ஆராய வேண்டும். “நாங்கள் காலமெல்லாம் உடம்பால் உழைத்தோம். எங்கள் பிள்ளை உடம்பை வருத்தாமல் உட்கார்ந்து படிக்கட்டும் என்றுதான் பள்ளிக்கு அனுப்புகிறோம். அங்கும் வெயிலில் ஓடவிடுவதா?” என்று அவர்கள் கேட்கிறார்கள். இது அறியாமையால் எழும் கேள்வி அன்று. இதன் பின்னே ஒரு வரலாறு இருக்கிறது.

1953-ஆம் ஆண்டில் சென்னை மாநில முதலமைச்சராக இருந்த இராசாசி அவர்கள், கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்னும் திட்டத்தைக் கொணர்ந்தார். குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டுத் திராவிட இயக்கத்தார் அதனை எதிர்த்தனர். சக்கிலியர் பிள்ளை செருப்புத் தைக்கவும், வண்ணார் பிள்ளை வெளுக்கவும், பறையர் பிள்ளை சேற்றில் இறங்கவும் மீண்டும் அனுப்பப்படுவர் என்ற அச்சம் நாடெங்கும் பரவியது. 1954-இல் காமராசர் முதலமைச்சரானபின் அத்திட்டம் கைவிடப்பட்டது.

உடலின் பெயரால் வரும் எந்தக் கட்டாயத்தையும் நம் மக்கள் ஐயத்துடன் நோக்குவது இதனாலேதான். அந்த ஐயம் இன்றும் முற்றிலும் காரணமற்றதாகவில்லை. விளையாட்டு நேரம் என்ற பெயரில் நம் பிள்ளைகளை மட்டும் திடலைக் கூட்டவும் குடிநீர் சுமக்கவும் கழிப்பறை கழுவவும் ஏவிய பள்ளிகளைப் பற்றிய செய்திகள் அவ்வப்போது நாளேடுகளில் வந்தவண்ணம் உள்ளன.

ஆயினும் தெளிவாக ஒன்றைச் சொல்ல வேண்டும். உடலுழைப்பு வேறு, உடற்கல்வி வேறு. உழைப்பு உடலின் ஒரு பகுதியையே திரும்பத் திரும்ப வருத்துகிறது. பயன் பிறரைச் சேருகிறது. உடற்கல்வி உடலின் எல்லா உறுப்புகளையும் அளவறிந்து வளர்க்கிறது. பயன் பிள்ளையையே சேருகிறது. செங்கற்சூளையில் கல் சுமக்கும் சிறுவனின் முதுகு வளைகிறது. தாண்டியும் ஓடியும் பழகும் சிறுவனின் முதுகு நிமிர்கிறது. ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்கு 60 நிமிடமாவது உடலை நன்கு இயக்க வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைப்பது வளரும் உடலின் தேவை கருதியே. பண்ணையாளின் பிள்ளை வியர்த்தது பிறர் ஏவலால். திடலில் அவன் வியர்ப்பது தன் வளர்ச்சிக்காக.

எழுத்தில் உள்ளதும் நடப்பில் உள்ளதும்

உடற்கல்வி வேண்டும் என்று நாட்டில் யாரும் சொல்லாமல் இல்லை. 1952-53-இல் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு இதனை வலியுறுத்தியது. நாற்பது வயதுக்குட்பட்ட ஆசிரியர் அனைவரும் மாணவருடன் உடற்பயிற்சிகளில் கலந்துகொள்ள வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 1978-இல் யுனெஸ்கோ நிறுவனம் உடற்கல்வியும் விளையாட்டும் அனைவர்க்கும் உரிய அடிப்படை உரிமை என்று சாசனம் வகுத்தது. 1986-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, விளையாட்டும் உடற்கல்வியும் கற்றலின் பிரிக்கவொண்ணாப் பகுதி என்றது. நகரங்களில் எஞ்சியுள்ள வெற்றிடங்களைச் சட்டம் இயற்றியேனும் திடலாகக் காக்க வேண்டும் என்றது.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை பள்ளிக்குத் திடலும் விளையாட்டுக் கருவிகளும் வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் பகுதிநேர உடற்கல்விப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. ஆழ்ந்து நோக்கினால் அதன் குறை விளங்கும். நூறு பேர் இல்லாத பள்ளிக்கு என்ன வழி? நம் குடியிருப்புகளை அடுத்துள்ள பள்ளிகள் பல நூறு பேர் இல்லாதவையே. உடல் வளரும் பருவமாகிய ஒன்று முதல் ஐந்து வகுப்புவரையுள்ள பிள்ளைகளுக்கு அப்பயிற்றுநரும் இல்லை. 2018-ஆம் ஆண்டில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன் பள்ளிகளில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையுள்ள வகுப்புகளுக்கு உடற்கல்வியைக் கட்டாயமாக்கியது. அவ்வாரியத்தைச் சார்ந்த தனியார் பள்ளிகளுக்குக் கட்டணம் செலுத்திப் பயில்வோர் பிள்ளைகளுக்குக் கட்டாயமான ஒன்று, நம் ஊர் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் கணக்குப் பாடத்திற்குக் கடன்கொடுக்கும் பீரியடாக இருக்கலாமா?

தொழிற்பேட்டையின் நிழலில்

நம் பகுதியின் இன்றைய நிலையை நோக்குவோம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி திருவள்ளூர் மாவட்ட மக்களில் நூற்றுக்கு 22 பேர் பட்டியல் வகுப்பினர். மாநிலச் சராசரியினும் இது மிகுதி. 1948-இல் எண்ணூரில் மோட்டார்த் தொழிற்சாலை எழுந்தது. 1960-களில் ஆவடியும் அம்பத்தூரும் தொழில் நகரங்களாயின. 1971-இல் சிப்காட் நிறுவனம் தோன்றியபின் கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை அமைந்தது. உருக்காலைகளும் வார்ப்பாலைகளும் இரசாயன ஆலைகளும் வந்தன. வேலையும் வந்தது, அதனோடு புகையும் வந்தது. மேய்ச்சல் நிலமும் புறம்போக்கும் வேலிக்குள் சென்றன.

கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகையில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மேய்ச்சல் நிலம் தொழிற்பேட்டைக்கென எடுக்கப்பட்டபோது, அங்குள்ள தாழ்த்தப்பட்ட மக்கள் பல்லாண்டு போராடினர். ஆடுமாடும் விறகும் நீரும் அப்போராட்டத்தில் பேசப்பட்டன. பிள்ளைகள் ஓடியாடும் வெளியும் அந்நிலத்தோடு சேர்ந்தே போகிறது என்பதை எவரும் கணக்கில் எழுதுவதில்லை. பொது நிலம் சுருங்கச் சுருங்கப் பள்ளித் திடல் ஒன்றே எஞ்சும் வெளியாகிறது. அதுவும் இல்லையெனில், லாரிகள் விரையும் நெடுஞ்சாலை ஓரமே நம் பிள்ளையின் ஆடுகளம்.

வேலைவாய்ப்பு என்ற கோணத்திலும் காண்க. தமிழ்நாடு காவல்துறையின் காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வை வென்ற ஆடவர் 1500 மீட்டர் தொலைவை 7 நிமிடங்களில் ஓடிக் கடக்க வேண்டும். கயிறு ஏறவும் தாண்டவும் வேண்டும். இரயில்வே கடைநிலைப் பணிக்கான தேர்வில் ஆடவர் 1000 மீட்டரை 4 நிமிடம் 15 நொடிகளில் ஓட வேண்டும். இத்தேர்வுகளில் எழுத்தில் வென்று திடலில் தோற்கும் இளைஞர் பலரை நாம் அறிவோம். அவர்கள் சோம்பியவர் அல்லர். பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் பயின்றும் ஓடக் கற்பிக்கப்படாதவர்கள். இறுதித் திங்களில் பணம் கட்டித் தனியார் பயிற்சி மையத்தில் ஓடிப் பழகுகிறார்கள். அரசுப் பள்ளி தராததைக் கடன் வாங்கிப் பெறுகிறார்கள்.

தரப்பட்டால் என்ன விளையும் என்பதற்கும் சான்று உண்டு. சேலம் மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்து, ஐந்து வயதில் விபத்தில் கால் ஊனமுற்ற மாரியப்பன் தங்கவேலு, பள்ளி உடற்கல்வி ஆசிரியரின் ஊக்கத்தால் உயரம் தாண்டப் பழகினார். 2016-இல் ரியோவில் தங்கமும், டோக்கியோவில் வெள்ளியும், 2024-இல் பாரிசில் வெண்கலமும் பெற்றார். வடசென்னை வியாசர்பாடியில் 1990-களின் இறுதி முதல் தன்னார்வலர் நடத்திவரும் கால்பந்துப் பயிற்சி, தெருவில் திரிந்த பிள்ளைகளைப் பள்ளிக்கும் திடலுக்கும் ஒருங்கே அழைத்துவந்தது. நம் ஊர்களில் அம்பேத்கர் மன்றங்கள் ஆண்டுதோறும் நடத்தும் கபடிப் போட்டிகளில் நாம் காணும் ஆற்றலுக்குக் குறைவில்லை. குறை திடலிலும் ஆசிரியரிலும்தான் இருக்கிறது.

நம் முடிபு

எனவே, உடற்கல்வி அரசுப் பள்ளிகளில் கட்டாயமாதல் வேண்டும் என்பதே நம் முடிபு. ஆனால் அக்கட்டாயம் யார்மீது என்பதை முதலில் வரையறுத்தல் வேண்டும். பிள்ளையின்மீது மட்டும் சுமத்தப்படும் கட்டாயம் தண்டனையாக முடியும். காலையில் உண்ணாத பிள்ளையை வெயிலில் நிறுத்துவதும், நோயுற்ற பிள்ளையை எள்ளுவதும், ஓட இயலாதவனைத் தேர்வில் தோற்றவனாக்குவதும் கல்வி ஆகா. கட்டாயம் அரசின்மீதும் பள்ளியின்மீதும் முதலில் விழ வேண்டும்.

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் உள்ளிட்ட ஒவ்வொரு பள்ளிக்கும் பள்ளியின் பெயரிலேயே ஆவணமுள்ள திடல் வேண்டும். இல்லாத இடத்தில் ஊராட்சி புறம்போக்கிலிருந்து அளந்து தருதல் வேண்டும். மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளை இரண்டு மூன்றாக இணைத்தேனும் ஓர் உடற்கல்வி ஆசிரியரை அமர்த்துதல் வேண்டும். அவருடைய பாடவேளையை வேறு பாடத்திற்கு எடுத்தல் கூடாது. திடலருகே அனைவர்க்கும் பொதுவான குடிநீர்க் குழாய் வேண்டும். பருவமெய்திய பெண் பிள்ளைகள் திடலினின்றும் ஒதுங்காதிருக்கத் தூய கழிப்பறையும் தக்க உடையும் வேண்டும். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கு அவர்க்கேற்ற ஆட்டம் வேண்டும். கூட்டுதலும் கழுவுதலும் எவ்வகையிலும் உடற்கல்வி ஆகா என்பது எழுத்தில் ஆணையாக வேண்டும். 1982-இல் விரிவான சத்துணவுத் திட்டமும், 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் பிள்ளையின் வயிற்றைப் பொறுப்பேற்றன. வயிற்றைப் பொறுப்பேற்ற அரசு, அவ்வுணவால் வளரும் உடலையும் பொறுப்பேற்றல் முறையே.

இளைஞர்களே, இவற்றைக் கேட்டுப் பெறும் வழிகள் நம் கையில் உள்ளன. கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். அக்குழுவில் நம் தாய்மார்கள் அமர வேண்டும். அமர்ந்து வாய்திறக்க வேண்டும். கிராம சபையில் பள்ளித் திடலுக்கெனத் தீர்மானம் கொணர வேண்டும். 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி, உங்கள் ஊர்ப் பள்ளியின் நில அளவு எண் என்ன, பரப்பு எவ்வளவு, அதில் ஆக்கிரமிப்பு எவ்வளவு, உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் உண்டா என்று எழுதிக் கேட்க வேண்டும். நம் கழகத்தின் மாலை வகுப்புகளில் பயிலும் பிள்ளைகளுக்கும் பாடத்திற்கு முன் அரைமணி நேரமேனும் ஆட இடம் ஒதுக்கும் பொறுப்பு நமக்கு உண்டு; பிறரிடம் கேட்பதை நாமும் செய்தல் வேண்டும்.

1892-இல் நிலம் கேட்டோம். 1893-இல் பள்ளி கேட்டோம். 1924-இல் தெருவும் கிணறும் கேட்டோம். ஒவ்வொன்றும் ஆணையாக வந்தபின்னும் அதனை நடைமுறையாக்க ஒரு தலைமுறை உழைத்தது. பள்ளித் திடலும் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கதே. வெள்ளி விழாக் காணும் இக்கழகத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்ப் பள்ளியின் திடல் எவ்வளவு, அதில் நம் பிள்ளைகள் வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆடுகிறார்கள் என்னும் இரண்டு கணக்கை இவ்வாண்டிலேயே எடுத்துத் தருவார்களாயின், அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்குரிய பணி தொடங்கியதாகக் கொள்ளலாம்.